மண்ணில் ஈரம்: நம்புவதா? சோதிப்பதா?

(ஒரு கிராமப் பள்ளிக்கூட மாணவர் விஞ்ஞானச் சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று நம்மைப் பேசும்படி உங்கள் சங்கத்தார் கேட்டுக்கொண்ட விஷயம், "மண்ணில் இருக்கும் ஈரத்தைக் கண்டறிவதும், அதைக் கண்ணுக்குப் புலப்படும்படி செய்து காட்டுவதும் எப்படி?" என்பதாகும். இதைக் கேட்டவுடன் சிலர் சிரிக்கக்கூடும். "மண் ஈரமாயிருந்தால் தொட்டால் தெரிகிறது, காய்ந்திருந்தால் பார்த்தால் தெரிகிறது. இதற்கு ஒரு சங்கமா, ஒரு விழாவா, ஒரு சொற்பொழிவா?" என்று கேட்கக்கூடும். அப்படிக் கேட்பவர்கள்மீது நமக்குக் கோபமில்லை. ஆனால், தொட்டால் தெரிவது மேல்மண்தான். பார்த்தால் தெரிவதும் மேல்மண்தான். பயிரின் வேரோ ஒரு சாண் கீழே, ஒரு முழம் கீழே இருக்கிறது. அந்த இடத்தில் என்ன நடக்கிறது என்பதைக் கண்ணால் காணமுடியாத காரணத்தினாலேதான், தெரியாததைத் தெரிந்ததாகச் சொல்லிப் பிழைப்பவர்களுக்கு இந்த நாட்டில் இடம் கிடைத்திருக்கிறது.

இதற்கு நம் குடும்பத்தில் நடந்த சங்கதி ஒன்றையே சொல்லுகிறோம். நம் நெருங்கிய உறவினர் ஒருவருக்கு மூன்று ஏக்கர் புன்செய் நிலம் உண்டு. ஆழ்துளைக் கிணறு போடவேண்டுமென்று முடிவு செய்து, நீரோட்டம் பார்ப்பவர் ஒருவரை அழைத்து வந்தார். அவர் உள்ளங்கையில் ஒரு தேங்காயைப் படுக்க வைத்துக்கொண்டு நிலத்தைச் சுற்றி நடந்தார். ஓரிடத்தில் தேங்காய் எழுந்து நின்றது. உடனே அங்கே கற்பூரம் கொளுத்தி, ஊதுவத்தி வைத்து, "இங்கே போடு" என்றார். போட்டார்கள். புழுதிதான் வந்தது. இரண்டாவது இடம் காட்டினார். அங்கும் புழுதி. மூன்றாவதிலும் அப்படியே. ஒவ்வொரு தடவையும் ஒரு காரணம் சொன்னார். நாள் சரியில்லை என்றார், தீட்டு என்றார். தேங்காய் தப்பு என்று மட்டும் ஒரு தடவையும் சொல்லவில்லை. நம் உறவினர் மனைவியின் நகை அடகுக்குப் போனது. அது திரும்பி வரவேயில்லை.

தோழர்களே! இதில் நாம் வெட்கப்படவேண்டிய பங்கும் ஒன்று உண்டு. அன்று அந்த நிலத்தில் நாமும்தான் நின்றுகொண்டிருந்தோம். "ஐயா, இந்தத் தேங்காய் இதுவரையில் எத்தனை தடவை சரியாகச் சொல்லிற்று, எத்தனை தடவை தப்பாகச் சொல்லிற்று?" என்று ஒரு வார்த்தை நாம் கேட்கவில்லை. பெரியவர்கள் முன்னிலையில் எதற்கு வம்பு என்று வாய்மூடி இருந்துவிட்டோம். அந்த வாய்மூடித்தனத்திற்கு உண்டான விலைதான் அந்த நகை.

ஆழத்தில் இருக்கும் நிலத்தடி நீர் வேறு, மேலே வேர்ப்பகுதியில் இருக்கும் ஈரம் வேறு என்பதை ஒப்புக்கொள்ளுகிறோம். இன்று நாம் பேசப்போவது பின்னதைப்பற்றித்தான். ஆனால் இரண்டுக்கும் வேண்டிய புத்தி ஒன்றுதான். அது, "எனக்குத் தெரியாது, ஆகையால் சோதித்துப் பார்க்கிறேன்" என்கிற புத்தியாகும்.

முதலாவது சோதனை கையினால் செய்வது. இதை நாம் இழிவாகப் பேசவில்லை. நம் குடியானவர்களும், களை எடுக்கும் பெண்மக்களும் ஒரு சாண் ஆழத்து மண்ணை எடுத்துக் கையில் பிடித்துப் பார்க்கிறார்கள். பிடித்த மண் உருண்டையாகிறதா, கையைத் திறந்ததும் உதிர்கிறதா, விரலுக்கிடையில் நாடாவைப்போல் நீளுகிறதா, உள்ளங்கையில் நீர்ப்பசை ஒட்டுகிறதா என்று பார்த்துத் தண்ணீர் விடலாமா வேண்டாமா என்று முடிவு கட்டுகிறார்கள். இது மூடநம்பிக்கையல்ல, பல ஆண்டு அனுபவத்தில் தப்பும் சரியும் பார்த்துத் தேறிய அறிவாகும். விவசாய விஞ்ஞானிகளும் இந்த முறையை அட்டவணை போட்டுக் கற்பிக்கிறார்கள். மண்ணைத் தொடுகிறவன் தாழ்ந்தவன், ஏட்டைத் தொடுகிறவன் உயர்ந்தவன் என்று எண்ணிய தேசத்தில், மண்ணைப்பற்றிய அறிவு ஏட்டில் ஏறாமல் போனதில் ஆச்சரியமென்ன? ஆகையால், இந்தச் சங்கத்தில் சேருகிற ஒவ்வொரு மாணவனும் முதலில் கையில் சேறு படுத்திக்கொள்ள வேண்டும் என்பது நம் அபிப்பிராயம்.

ஆனால் கை ஒருவருடைய கை. நம் கைக்கு ஈரம் என்று பட்டது உங்கள் கைக்குக் காய்ச்சலாகப் படலாம். அதனால் இரண்டாவது சோதனை தராசு. வயலிலிருந்து எடுத்த மண்ணை உடனே மூடிய டப்பியில் போட்டு, சரியாக 100 கிராம் நிறுத்துக்கொள்ளுங்கள். அதை 105 டிகிரி சென்டிகிரேடு சூட்டில் 24 மணிநேரம் அடுப்புப் பெட்டியில் உலர்த்தி மறுபடியும் நிறுங்கள். 80 கிராம் இருக்கிறதென்று வைத்துக்கொள்வோம். போன 20 கிராமும் தண்ணீர். உலர்ந்த மண் 80க்கு 20 என்றால் ஈரம் 25 சதவீதம். ஈர மண்ணைக் கொண்டு கணக்கிட்டு 20 சதவீதம் என்று ஒரு மாணவன் சொன்னால் அவன் பொய் சொன்னான் என்பதல்ல. எதற்கு எவ்வளவு என்பதைச் சொல்லாமல் விட்டான் என்பதே. உலர்ந்த மண்ணின் எடையைக் கொண்டே கணக்கிடுவது மண் விஞ்ஞானத்தில் வழக்கம். பள்ளியில் அப்படிப்பட்ட பெட்டி இல்லாவிட்டால் ஆசிரியர் முன்னிலையில் இரும்புச் சட்டியில் மெல்லிய தீயில் கிளறி உலர்த்தலாம். அடுத்தடுத்து இரண்டு தடவை நிறுத்தும் எடை குறையாமல் நிற்கும்வரையில் உலர்த்துவதை நிறுத்தக்கூடாது. தீ அதிகமானால் மண்ணிலுள்ள மக்கு எரிந்து, அதன் எடையும் தண்ணீர்க் கணக்கில் சேர்ந்துவிடும்.

இந்தத் தராசுதான் மற்ற எல்லாக் கருவிகளுக்கும் நீதிபதி. எவ்வளவு விலையுள்ள கருவியும் கடைசியில் தராசுக்கு முன்னால் வந்து சாட்சி சொல்லியாக வேண்டும்.

நிற்க, ஈரம் எவ்வளவு என்று தெரிந்துவிட்டால் மட்டும் போதுமா? போதாது. மணல் கலந்த மண்ணில் 12 சதவீத ஈரம் இருந்தால் செடி செழிப்பாக நிற்கும். அதே 12 சதவீதம் கரிசல் களிமண்ணில் இருந்தால் செடி வாடித் துவண்டுவிடும். தண்ணீர் அங்கே இருக்கிறது. ஆனால் செடிக்குக் கிடைப்பதில்லை. களிமண்ணின் நுண்ணிய துகள்கள் அதை அவ்வளவு இறுக்கிப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. செல்வம் நாட்டில் இருப்பது ஒன்று, ஏழைக்குக் கிடைப்பது வேறொன்று என்பது நமக்குத் தெரிந்ததுதானே! மண்ணிலும் அப்படியே.

இந்தப் பிடியை அளக்கும் கருவி ஒன்று உண்டு. அதன் பெயர் டென்சியோமீட்டர். புது மண்பானையில் தண்ணீர் வைத்தால் வெளிப்புறம் கசிகிறதல்லவா? அதே தத்துவந்தான். நுண்துளையுள்ள மண்கிண்ணத்தை ஒரு குழாயின் அடியில் பொருத்தி, தண்ணீர் நிரப்பி, காற்றுப் புகாமல் மூடி, வேர் ஆழத்தில் புதைக்கிறார்கள். மண் காய்ந்தால் கிண்ணத்தின் வழியே தண்ணீரை உறிஞ்சி இழுக்கிறது. மேலே உள்ள மானியின் முள் அந்த இழுப்பைக் காட்டுகிறது. செடியின் வேர் படும் சிரமத்தை நாம் கண்ணால் காணும்படி செய்கிற கருவி இது.

இனி, ஈரம் மண்ணில் நடந்து போவதைக் கண்ணால் பார்க்கும் வழியைச் சொல்லுகிறோம். இரண்டு கண்ணாடித் தகடுகளை இரண்டு விரற்கடை இடைவெளியில் நிறுத்தி, மூன்று பக்கம் அடைத்து, உலர்ந்த மண்ணை நிரப்புங்கள். மேலே ஒரே இடத்தில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விடுங்கள். மணலில் தண்ணீர் குறுகலாகக் கீழே ஓடும். களிமண்ணில் பக்கவாட்டிலும் பரவி, குடம்போல் அகலும். சொட்டுநீர்க் குழாயை மணல் நிலத்தில் நெருக்கமாகவும் களிமண் நிலத்தில் சற்றுத் தள்ளியும் வைப்பதன் காரணம் இந்தக் கண்ணாடியில் எழுதியிருக்கும்.

ஈரம் வந்த இடம் இன்னும் தெளிவாகத் தெரிய வேண்டுமானால் நம் வீட்டுச் சரக்கே போதும். மஞ்சள் தூளையும், நீர்த்த சுண்ணாம்புத் தூளையும் தனித்தனியே நன்றாக உலர்த்தி, சோதனைக்குச் சற்று முன்பு கலந்து, மண் அடுக்குகளின் நடுவே கண்ணாடியை ஒட்டி மெல்லிய கோடாகத் தூவுங்கள். உலர்ந்திருக்கும்வரை மஞ்சளாயிருக்கும்; ஈரம் தொட்டதும் சிவக்கும். ஆலம் சுற்றும் தட்டில் தண்ணீர் சிவப்பாவது இதனால்தான். கண் திருஷ்டி கழிவதற்கும் அந்தச் சிவப்புக்கும் சம்பந்தமில்லை; மஞ்சளுக்கும் காரத்துக்கும்தான் சம்பந்தம். வருஷக்கணக்காகத் தட்டில் சுற்றியதை ஒரு நாள் கண்ணாடியில் வைத்துப் பார்த்தால் அது இரசாயன பாடமாகிவிடுகிறது. ஆனால் சுண்ணாம்பு கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். இரசாயன சாலை உள்ள பள்ளியில், உலர்ந்தபோது வெண்மையாகவும் ஈரம் பட்டதும் நீலமாகவும் மாறும் மயில்துத்தத்தைக் காட்டலாம். உலர்ந்தபோது நீலமாயிருந்து ஈரத்தில் இளஞ்சிவப்பாகும் கோபால்ட் குளோரைடு காகிதமும் உண்டு. அது நஞ்சு; ஆசிரியர் கையில் மட்டும் இருக்க வேண்டும். இந்த நிறங்களெல்லாம் ஈரம் வந்தது என்று சொல்லுமேயன்றி, எவ்வளவு என்று சொல்லமாட்டா. ஒரு சாட்சி எதற்குச் சாட்சி என்பதை அறிந்து கேட்பதும் பகுத்தறிவுதான்.

அதே கண்ணாடிப் பெட்டியில் இன்னொன்று செய்து பாருங்கள். அடியில் நான்கு விரற்கடை கூழாங்கல், அதன்மேல் மண். பூந்தொட்டியின் அடியில் கல் போட்டால் தண்ணீர் சீக்கிரம் வடியும் என்று நாம் எல்லோரும் நம்பிக்கொண்டிருக்கிறோம். புஸ்தகங்களிலும் எழுதியிருக்கிறார்கள். என்ன நடக்கிறது? தண்ணீர் மண் வழியாக இறங்கிக் கல்லின் விளிம்பில் வந்து நின்றுவிடுகிறது. மேலேயுள்ள மண் சொதசொதவென்று நனைந்து முடிந்த பிறகுதான் கல்லுக்குள் இறங்குகிறது. நுண்ணிய மண்ணின் இழுப்பு பலமானது. கல்லின் பெரிய இடைவெளிகளுக்கு அந்த இழுப்புச் சக்தி இல்லை. ஆகையால் வேர் நிற்கிற மண்தான் சேறாகிறது. அமெரிக்காவில் வாஷிங்டன் மாகாணத்துப் பேராசிரியர் வால்டர் கார்ட்னர் 1950களில் இப்படிப்பட்ட கண்ணாடிப் பெட்டிகளைச் சினிமாப் படம் பிடித்துக் காட்டினார். துளை வழியே மண் ஒழுகாமல் ஒரு ஓட்டாஞ்சல்லி வைப்பதில் குற்றமில்லை. வடிகால் என்று நம்பிக் கல்லைக் கொட்டுவதில்தான் குற்றம். பார்த்தீர்களா? மூடநம்பிக்கை என்பது கோயிலிலும் தேங்காயிலும் மட்டும் இல்லை. நம் பூந்தொட்டியிலும் இருக்கிறது. பகுத்தறிவுவாதி என்று மார்தட்டுகிற நாமும் இத்தனை நாள் தொட்டியில் கல் போட்டவர்தான்.

அடுத்தது மின்சாரக் கருவிகள். மண்ணில் இரண்டு துருப்பிடிக்காத ஆணிகளைக் குத்தி, ஒரு சிறு மின்கலத்தையும் மின்மானியையும் இணைத்தால், ஈரம் அதிகமாக அதிகமாக மின்சாரமும் அதிகமாக ஓடும். எளிதான கருவி. ஆனால் எளிதாக ஏமாற்றவும் செய்யும். இரண்டு குவளைகளில் அரைக்கிலோ உலர் மணல் எடுத்து, ஒன்றில் 50 மில்லி நல்ல தண்ணீரும், மற்றொன்றில் அதே 50 மில்லியில் ஒரு கரண்டி உப்பைக் கரைத்தும் ஊற்றிப் பாருங்கள். ஈரம் இரண்டிலும் ஒன்றுதான். ஆனால் உப்புக் குவளையில் முள் பாய்ந்து ஏறும். கருவி பொய் சொல்லவில்லை; அது மின்சாரத்தைத்தான் அளந்தது. அதை ஈரம் என்று மொழிபெயர்த்தது நாம்தான்.

இந்தக் குறையை ஓரளவு தீர்க்கவே, ஜார்ஜ் பூயூகோஸ் என்ற அறிஞரும் அவருடைய சகாவும் 1940ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மிச்சிகனில் ஜிப்சக் கட்டி முறையை வெளியிட்டார்கள். இரண்டு மின்கம்பிகளை ஜிப்சத்துக்குள் பதித்துப் புதைப்பார்கள். ஜிப்சம் தன் சொந்த உப்பையே தன்னுள்ளிருக்கும் நீரில் கரைத்து வைத்திருப்பதால், மண்ணின் சிறிதளவு உப்பு கணக்கைக் கெடுக்காது. பிற்காலத்தில் வந்த கருவிகள் வேறொரு குணத்தைப் பயன்படுத்துகின்றன. மின்புலத்தில் ஒரு பொருள் நடந்துகொள்ளும் விதத்தைக் குறிக்கும் எண் ஒன்று உண்டு. அது காற்றுக்கு 1, உலர்ந்த மண்ணுக்குச் சுமார் 4, தண்ணீருக்கோ சுமார் 80. இவ்வளவு வித்தியாசம் இருப்பதால், மண்ணில் சிறிது தண்ணீர் சேர்ந்தாலும் கருவிக்குத் தெரிந்துவிடுகிறது. இப்போது மாணவர்கள் மலிவாக வாங்கிக் கணிப்பொறிப் பலகையில் பொருத்தும் உணர்கருவிகள் பல இந்த வகையைச் சேர்ந்தவையே.

ஆனால் வாங்கியவுடன் அதை நம்பிவிடாதீர்கள். உலர்ந்த மண் ஒரு கிலோ வீதம் ஐந்து பங்கு எடுத்து, ஒன்றில் ஒன்றும் விடாமலும், மற்றவற்றில் 50, 100, 150, 200 மில்லி தண்ணீர் விட்டும் நன்றாகப் பிசைந்து, ஒவ்வொன்றிலும் கருவி காட்டும் எண்ணைக் குறித்துக் கோடு வரையுங்கள். அந்தக் கோடுதான் அந்தக் கருவிக்கும் உங்கள் ஊர் மண்ணுக்கும் ஏற்பட்ட ஒப்பந்தம். அடுத்த ஊர் மண்ணுக்கு வேறு ஒப்பந்தம் எழுத வேண்டும்.

நம் நாட்டுக் குடியானவனுக்கென்றே கோயமுத்தூர் கரும்பு இனப்பெருக்க நிறுவனத்தார் ஒரு கருவி செய்திருக்கிறார்கள். மண்ணில் குத்தினால் விளக்கு எரியும். நீலம் எரிந்தால் ஈரம் ஏராளம், பச்சையானால் போதுமானது, ஆரஞ்சானால் குறைவு, சிவப்பானால் உடனே தண்ணீர் விட வேண்டும். எழுத்தறியாதவரும் படிக்கக்கூடிய எழுத்து இதுவல்லவா?

இதைவிட எளிதானது ஒரு ஓட்டைக் குழாய். பிலிப்பைன்ஸ் தேசத்திலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தார் பரப்பியது. ஒரு முழத்துக்குச் சற்றுக் குறைந்த குழாயின் கீழ்ப்பாதியில் துளைகள் போட்டு, நெல் வயலில் துளையுள்ள பாகத்தைப் புதைத்து, உள்ளேயுள்ள மண்ணை அள்ளிவிட வேண்டும். மேலே வயல் காய்ந்தாற்போல் தெரிந்தாலும், குழாய்க்குள் எட்டிப் பார்த்தால் தண்ணீர் எங்கே நிற்கிறது என்பது தெரியும். மண்மட்டத்துக்கு 15 சென்டிமீட்டர் கீழே இறங்கிய பிறகு தண்ணீர் பாய்ச்சினால் போதும். பூக்கும் பருவத்தில் மட்டும் வயலில் தண்ணீர் நிறுத்த வேண்டும். இதைத்தான் நம்மவர்கள் "காய்ச்சலும் பாய்ச்சலும்" என்கிறார்கள். தண்ணீரும் மிச்சம், மோட்டார் ஓடுவதும் மிச்சம். தேங்கிய சேற்றிலிருந்து கிளம்பும் மீத்தேன் வாயுவும் குறைகிறது. நெல் என்றால் எந்நேரமும் தண்ணீர் நிற்கவேண்டும் என்ற நம்பிக்கையை ஒரு துண்டுக் குழாய் உடைத்துவிட்டது.

இவற்றையெல்லாம் ஒன்றுசேர்த்து உங்கள் சங்கம் ஒரு காரியம் செய்யலாம். பள்ளித் தோட்டத்தை ஒரு மீட்டர் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் ஒரே ஆழத்தில் ஈரத்தை அளந்து, ஈரம் அதிகமான கட்டத்துக்கு அழுத்தமான நிறமும், குறைந்ததற்கு வெளிர்நிறமும் தீட்டிப் படம் வரையுங்கள். மழைக்கு மறுநாள் ஒரு படம், மூன்றாம் நாள் ஒன்று, ஏழாம் நாள் ஒன்று. மரத்தடி எவ்வளவு சீக்கிரம் காய்கிறது, மூடாக்குப் போட்ட பாத்தி எவ்வளவு நாள் ஈரம் காக்கிறது என்பதெல்லாம் சுவரில் தொங்கும். 2015ஆம் ஆண்டு ஜனவரி 31ஆம் தேதி அமெரிக்கர் விண்ணில் ஏவிய ஸ்மாப் என்ற துணைக்கோள் உலகம் முழுவதற்கும் செய்த வேலையும் இதுவே. 2025ஆம் ஆண்டு ஜூலை 30ஆம் தேதி ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து இந்தியாவும் அமெரிக்காவும் சேர்ந்து அனுப்பிய நிசார் துணைக்கோளின் வேலைகளிலும் மண்ணீரம் அறிவது ஒன்று. ஸ்மாப் நேராக உணர்வது மேல்மண்ணின் ஐந்து சென்டிமீட்டர் அளவுதான். அது சொல்வது சரியா என்று பார்க்க, தரையில் மண்ணை அளக்கும் ஆட்கள் வேண்டியிருக்கிறார்கள். வானத்திலிருந்து வருகிற வாக்கானாலும் மண்ணில் சரிபார்த்த பிறகே ஒப்புக்கொள்ளப்படும் என்பதுதான் விஞ்ஞானத்தின் யோக்கியதை.

கடைசியாக அந்தத் தேங்காய்க்கு வருவோம். நாம் யாரையும் வையச் சொல்லவில்லை, சோதிக்கச் சொல்லுகிறோம். 1990ஆம் ஆண்டில் ஜெர்மனியில் காசல் என்னுமிடத்தில் நீரோட்டம் பார்ப்பவர்கள் 30 பேரை வைத்துச் சோதித்தார்கள். வயலில் அரை மீட்டர் ஆழத்தில் குழாய் புதைத்து, அதில் தண்ணீர் ஓடுகிறதா இல்லையா என்று சொல்லச் சொன்னார்கள். சோதனை நியாயமானதுதான் என்று அவர்களே முன்கூட்டி ஒப்புக்கொண்டார்கள். முடிவில், கண்ணைமூடிக்கொண்டு ஊகித்தால் எவ்வளவு சரியாகுமோ அவ்வளவுதான் சரியாயிற்று. அவர்கள் எல்லோரும் மோசக்காரர்கள் என்று அர்த்தமல்ல. குச்சியும் தேங்காயும் அசைவது உண்மை. தன்னை அறியாமலே கைத்தசை அசைகிறது என்பதே அதன் இரகசியம். மேசை தானாக நகர்கிறது என்று லண்டனில் பலர் நம்பியபோது, மைக்கேல் பாரடே 1853ஆம் ஆண்டிலேயே இதைக் கருவி வைத்து நிரூபித்துவிட்டார். மேலும் பல ஊர்களில் எங்கே தோண்டினாலும் ஓரளவு தண்ணீர் வரும். வந்தால் தேங்காய்க்குப் புகழ், வராவிட்டால் நாளுக்குப் பழி.

உங்கள் ஊரிலும் இதைச் செய்யலாம். ஒரேமாதிரியான மூடியுள்ள பத்து வாளிகளில் உலர்ந்த மண் நிரப்பி, ஒன்றில் மட்டும் ஈரமண் வையுங்கள். எதில் என்று தெரிந்தவர் அந்த இடத்தில் நிற்கக்கூடாது. நீரோட்டம் பார்ப்பவரை மரியாதையுடன் அழைத்து, "ஐயா, இது உங்களுக்குச் சம்மதமா?" என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். வாளிகளை மாற்றி மாற்றி வைத்து 30 தடவை கேளுங்கள். வெறும் ஊகத்துக்கே சுமார் மூன்று தடவை சரியாகும். அவருக்கு 25 தடவை சரியானால், அன்று நாம் வந்து தேங்காய்க்கு மாலை போடுகிறோம். மூன்று நான்குதான் என்றால், அந்த எண்ணைப் பெரிய எழுத்தில் எழுதிப் பள்ளிச் சுவரில் ஒட்டுங்கள்.

தோழர்களே! நாம் அன்று கேட்கத் தவறிய கேள்வியை நீங்கள் கேட்க வேண்டும் என்பதற்காகவே இவ்வளவும் சொன்னோம். நாம் சொன்னதையும் நாம் சொன்னோம் என்பதற்காக நம்பிவிடாதீர்கள். கண்ணாடிப் பெட்டியும் தராசும் உங்கள் கையில் இருக்கின்றன. நாளைக்கே சோதித்துப் பாருங்கள். தப்பாயிருந்தால் நமக்கு எழுதுங்கள், திருத்திக்கொள்ளுகிறோம்.